தொழில்நுட்பக் குழுவில் கடை விரிக்கலாமா?

ஒருவர் குழுவில் கேட்கிறார்: "எங்கள் தரவுத்தளம் 400 ஜிபியைத் தாண்டிவிட்டது. இரவில் பேக்கப் ஆரம்பித்தால் விடிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?" கொஞ்ச நேரத்தில் இரண்டு பதில்கள் வருகின்றன. முழு பேக்கப்பை வாரம் ஒரு முறை எடுத்துவிட்டு மற்ற நாட்களில் மாறிய பகுதிகளை மட்டும் எடுங்கள், அதையும் முதன்மை சர்வரில் எடுக்காமல் நகல் சர்வரில் எடுங்கள் என்கிறது முதல் பதில். இரண்டாவது பதிலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: "இதையெல்லாம் தானாகச் செய்ய ஒரு கருவி இருக்கிறது. மாதக் கட்டணம் உண்டு. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன்." கூடவே ஒரு சுட்டி.

அடுத்த அரை மணி நேரத்தில் பேக்கப் பற்றிய பேச்சு போன இடம் தெரியாது. ‘இது விளம்பரம், நீக்குங்கள்’ என்பார் ஒருவர். ‘கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்லியிருக்கிறார்’ என்பார் இன்னொருவர். ‘குழு விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்’ என்று மூன்றாமவர் நுழைவார். கேள்வி கேட்டவர் பாவம், அவருடைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

தொழில்நுட்பக் குழுக்களில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் எல்லோரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இந்தச் சண்டைக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. இன்றைக்கு நாம் எடுத்து வீசுகிற வாதங்களில் பாதி, இணையம் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே வீசப்பட்டவை.

முதல் விளம்பரமும் முதல் சண்டையும்

1978 மே மாதத் தொடக்கம். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், தங்கள் டெக்சிஸ்டம்-20 கணினிகளின் அறிமுகக் கூட்டங்களுக்கு வரும்படி ஓர் அழைப்பை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பு வழியாக அனுப்பினார். அச்சிட்ட முகவரிப் புத்தகத்திலிருந்து மேற்குக் கடற்கரைப் பயனர்களின் முகவரிகளை எடுத்து, கிட்டத்தட்ட 400 பேருக்கு ஒரே கடிதம். முகவரிகளைக் கையால் தட்டச்சு செய்தார்கள். பெறுநருக்கான இடம் நிரம்பி வழிந்து, மிச்ச முகவரிகள் கடிதத்தின் உடலுக்குள் போய் விழுந்தன. திறந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது முகவரிக் குவியல். அதையெல்லாம் தாண்டிப் போனால் அழைப்பு.

அர்பாநெட்டை நிர்வகித்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அலுவலகம் கோபப்பட்டது. இந்த வலையமைப்பு அரசுப் பணிக்கு மட்டுமே, இது அப்பட்டமான விதிமீறல் என்று கடிதம் வந்தது. சரி, அது நிர்வாகத்தின் குரல். சுவாரசியமானது, பயனர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. அந்தக் கணினிகளின் இயங்குதளத்தில் அர்பாநெட் வசதியும் கிடைக்கும் என்று அழைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அர்பாநெட் பயனர்களுக்கு இதைவிடத் தொடர்புடைய செய்தி வேறு என்ன? பயனுள்ள தகவலை விற்பவன் சொன்னால் அது தகவல் இல்லையா? இந்த வாதம் அன்றே எழுந்துவிட்டது. நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலில், தனக்கு அந்தக் கடிதம் வந்திருந்தால் ஆட்சேபம் இருந்திருக்காது என்கிற பக்கம் நின்றார். நண்பர் ஒருவர் அந்தக் கடிதத்தையே அவருக்கு அனுப்பி வைத்தார். பார்த்தவுடன் தன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எதைப் பற்றிய கடிதமாக இருந்தாலும் சரி, இவ்வளவு நீளமான முகவரித் தலைப்போடு யாரும் அனுப்பக் கூடாது என்பது அவருடைய புதிய நிலைப்பாடு.

வேடிக்கையாகத் தெரியும். ஆனால் அந்தப் பதிலில் கவனிக்க ஒன்று இருக்கிறது. அவரைக் கடுப்பேற்றியது விற்பனை அல்ல, தலையில் வந்து விழுந்த சுமை.

அறிவிப்பு சரி, விளம்பரம் தவறு

அடுத்த பெரிய முயற்சியை அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் என்எஸ்எஃப்நெட் செய்தது. 1980களின் பின்பாதியிலிருந்து 1995 ஏப்ரல் வரை இணையத்தின் முதுகெலும்பாக இருந்த வலையமைப்பு அது. வரிப்பணத்தில் ஓடியதால் லாப நோக்கமுள்ள பயன்பாட்டுக்கு அங்கே தடை இருந்தது. ஆனால் 1992இல் வெளியான அதன் பயன்பாட்டு விதிகளில் ஒரு நுணுக்கமான வரி உண்டு: ஆராய்ச்சிக்கோ கற்பித்தலுக்கோ பயன்படும் புதிய தயாரிப்புகள், சேவைகள் பற்றி அறிவிக்கலாம், எந்த வகையான விளம்பரமும் கூடாது.

படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. நடைமுறைக்கு வந்தால் தலை சுற்றும். "எங்கள் கம்பைலரின் புதிய பதிப்பு வந்துவிட்டது" என்பது அறிவிப்பு (கம்பைலர் என்பது நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்). "எங்கள் கம்பைலரின் வேகமான புதிய பதிப்பு வந்துவிட்டது" என்பது? வேகத்தை அளந்து எண்ணைக் கொடுத்தால் அறிவிப்பா? விலையைச் சொன்னால் விளம்பரமா? விலையைச் சொல்லாமல் மறைத்தால்தான் வாசகருக்கு எரிச்சல் அதிகம். விலை இல்லாத அறிவிப்பு, கேட்டு எழுத வைத்துப் பேச்சுக்கு இழுக்கும் தூண்டில்.

யூஸ்நெட் இந்தச் சிக்கலை வேறு வழியில் கையாண்டது. டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979இல் யோசித்து, 1980இல் பொதுவில் வந்த வலையமைப்பு அது. தலைப்புவாரியாகப் பிரிந்த செய்திக்குழுக்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே காலப்போக்கில் வணிகத்துக்கென்று தனி அறைகள் முளைத்தன. புதிய தயாரிப்புகளை அறிவிக்க ‘காம்ப்.நியூபிராட்’ என்று நெறியாளர் பார்த்து வெளியிடும் ஒரு குழு. வணிகப் பதிவுகளுக்கு ‘பிஸ்’ என்று தொடங்கும் தனிக் கிளை. பழைய சாமான் விற்க ஒரு குழு, வேலைக்கு ஆள் எடுக்கச் சில குழுக்கள். விளம்பரமா அறிவிப்பா என்று வரையறுத்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, இடத்தைப் பிரித்துக் கொடுப்பது எளிதாக இருந்தது.

1995 அக்டோபரில், இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 1855 என்ற எண்ணில் வந்த இணைய நாகரிகக் குறிப்புகளும் இதே மனநிலையில் எழுதப்பட்டவைதான். சில குழுக்களில் விளம்பரத்துக்கு வரவேற்பு, சில குழுக்களில் அருவருப்பு, எனவே எழுதுமுன் இடத்தைத் தெரிந்துகொள் என்பது சாரம். பொது விதி எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று புரிந்துகொண்டவர்கள் எழுதியது.

லாப நோக்கம் கொஞ்சமும் இல்லாத பதிவுகள்தான் தொழில்நுட்பக் குழுக்களுக்கு உரியவை என்று நினைப்பவர்கள், அந்தக் குழுக்களின் புகழ்பெற்ற பதிவுகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான குழுவில், யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தபோது, கணினித் தயாரிப்பாளர்களிடம் இயந்திரங்களும் பணமும் நன்கொடையாகக் கேட்டார். 1991 ஆகஸ்ட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் (பின்னாளைய லினக்ஸ்) எழுதுவதாகச் சொன்னது, மினிக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தின் குழுவில். அந்த மினிக்ஸ் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். அவர் சொல்ல வந்தது இலவசப் பொருளைப் பற்றி என்றாலும், பார்வைக்கு அது இன்னொருவர் கடை வாசலில் நின்று தன் சரக்கைக் காட்டியது போலத்தான். 1994 ஆகஸ்ட்டில் ஜெஃப் பெசோஸ், பின்னாளில் அமேசான் ஆன நிறுவனத்துக்கு சி, சி++ தெரிந்த யூனிக்ஸ் ஆட்கள் வேண்டும் என்று யூஸ்நெட்டில் விளம்பரம் கொடுத்தார். அது வேலைவாய்ப்புக்கென்றே இருந்த குழுவில் வந்தது. ‘சொந்த நலன் உள்ள எதுவும் கூடாது’ என்று ஒருவர் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கியிருந்தால் இவற்றில் எது மிஞ்சியிருக்கும் என்று தெரியாது.

குப்பை வேறு, வணிகம் வேறு

1994இல்தான் எல்லோருக்கும் பொறுமை போனது. அந்த ஜனவரியில் உலக முடிவு நெருங்குகிறது, இயேசு வருகிறார் என்று ஒரு பதிவு யூஸ்நெட்டின் எல்லாக் குழுக்களிலும் வந்து விழுந்தது. ஏப்ரல் 12 அன்று லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாகச் சொல்லும் விளம்பரத்தை 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் போட்டார்கள். கம்பைலர் பற்றிப் பேசுகிற இடத்திலும் கிரீன் கார்டு, பூனை வளர்ப்புக் குழுவிலும் கிரீன் கார்டு.

இதில் ஒரு தொழில்நுட்ப நுணுக்கம் இருக்கிறது. யூஸ்நெட்டில் ஒரே பதிவைப் பல குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பினால், ஒவ்வொரு சர்வரிலும் ஒரு நகல்தான் சேமிக்கப்படும். ஒரு குழுவில் படித்தவருக்கு அடுத்த குழுவில் அது மறுபடி வராமல் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அவர்கள் அப்படி அனுப்பவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பதிவாக அனுப்பினார்கள். எனவே பத்துக் குழுக்கள் படிப்பவர் பத்து முறை பார்த்தார். வந்து குவிந்த கண்டனக் கடிதங்களைத் தாங்காமல் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் சர்வர் படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு யூஸ்நெட்காரர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எது ஸ்பேம், அதாவது குப்பைப் பதிவு, என்று உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய ஆரம்பித்தால் தணிக்கை என்ற பழி வரும், சண்டை ஓயாது. அதனால் எண்ணிக்கையைப் பிடித்தார்கள். சேத் பிரைட்பார்ட் என்பவர் பெயரில் ஒரு குறியீட்டெண் வந்தது. ஒரு பதிவின் ஒவ்வொரு நகலும் எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை எடுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒன்பது குழுக்களுக்குச் சேர்த்து ஒரே பதிவாக அனுப்பினால் குறியீடு 3. அதையே ஒன்பது தனிப் பதிவுகளாக அனுப்பினால் 9. 45 நாட்களுக்குள் 20ஐத் தொட்டால் அது ஸ்பேம், யாரும் ரத்து செய்யலாம் என்று ஒரு பொதுப் புரிதல் உண்டானது.

இந்தக் கணக்கில் பணம் எங்கேயும் வரவில்லை. விற்கிறாயா, வேண்டுகிறாயா, உலக முடிவை அறிவிக்கிறாயா என்று அது கேட்காது. விற்க ஒன்றுமில்லாத ஜனவரிப் பதிவும் குப்பை, காசுக்காகப் போட்ட ஏப்ரல் பதிவும் குப்பை. மறுபக்கம், குழுவுக்குப் பொருத்தமான ஒரு வணிகப் பதிவை ஓரிடத்தில் ஒரு முறை போட்டால் அது ஸ்பேம் ஆகாது. இன்றைய குழு விதிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ‘விளம்பரமும் ஸ்பேமும் கூடாது’ என்று எழுதி வைத்திருக்கின்றன. அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அப்படியானால் ஏன் கோபம்?

எண்ணிக்கை பிரச்சினையைத் தீர்த்த பிறகும், ஒரே ஒரு வணிகப் பதிவு ஏன் இவ்வளவு எரிச்சலைத் தருகிறது? காரணம் குழு ஓடுகிற விதத்தில் இருக்கிறது.

தொழில்நுட்பக் குழுவில் பதில் சொல்பவருக்குச் சம்பளம் இல்லை. நள்ளிரவில் யாரோ ஒருவருடைய பிழைச் செய்தியைப் படித்து, தன் கணினியில் அதை ஓட்டிப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து எழுதுகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சம் மதிப்பு, புதிர் அவிழ்த்த சந்தோஷம், தனக்கும் ஒருநாள் இதே உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கை. அவ்வளவுதான். அவர் கூட்டிய கூட்டத்தின் நடுவில் ஒருவர் வந்து கடை விரித்தால், தன் உழைப்பு இன்னொருவர் விற்பனைக்குப் பந்தல் போட்டது போல ஆகிவிட்டதே என்று தோன்றும். அந்த எண்ணம் முதலில் வருவது அதிகம் தெரிந்தவர்களுக்குத்தான். அவர்களுக்குப் போக வேறு இடம் உண்டு. அவர்கள் சத்தம் போடாமல் நகர்ந்துவிடுவார்கள். பிறகு கேள்விகள் மட்டும் மிஞ்சும், கூடவே விற்பவர்களும்.

இன்னொரு சேதம் இதைவிட ஆழமானது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு விஷயத்தை விளக்கினார். நல்ல காரையும் மோசமான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாரும் முன்வர மாட்டார்கள். கடைசியில் சந்தையில் மோசமான கார்களே நிற்கும். ஆலோசனைக்கும் இதே கதைதான். "இந்தக் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தேன், நன்றாக இருந்தது" என்ற வரி மனதாரச் சொன்னதா, காசு வாங்கிச் சொன்னதா என்று தெரியாத நிலை வந்துவிட்டால், வாசகர் எல்லாப் பரிந்துரையையும் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வார். உண்மையாகப் பயன்படுத்திப் பார்த்தவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். "உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்கும் இடத்தில் யாருக்கு எழுதத் தோன்றும்?

ஆக, நஷ்டத்தை உண்டாக்குவது பிரித்தறிய முடியாமை. வெளிப்படையாகத் தன் பொருளைச் சொல்பவரால் இந்தச் சேதம் வராது. அவர் சொல்வதில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று வாசகருக்குத் தெரியும். சேதம் செய்பவர் மறைந்திருப்பவர்.

தடை யாரை வெளியேற்றும்?

‘வணிகப் பதிவுகள் முற்றிலும் கூடாது’ என்று ஒரு குழு விதி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த விதியில் மாட்டுபவர் யார்? "நான் அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறேன்" என்று முதல் வரியிலேயே சொன்னவர். அவருடைய பதிவு நீக்கப்படும். அதே பொருளை "யதேச்சையாகக் கண்ணில் பட்டது, அசந்துவிட்டேன்" என்று எழுதிய சம்பள விளம்பரதாரர் நிம்மதியாக இருப்பார். மறைத்தவனுக்கு இடமும் சொன்னவனுக்குத் தண்டனையும் கொடுக்கிற விதி, ஆறு மாதத்தில் எல்லோருக்கும் மறைக்கக் கற்றுக்கொடுத்துவிடும்.

வெளியேறுபவர் வெறும் விற்பனையாளராக இருந்தாலாவது பரவாயில்லை. வன்பொருளை இயக்கும் ஒரு மென்பொருள் (டிரைவர்) ஏன் குறிப்பிட்ட கணினிக் கார்டில் மட்டும் உறைந்துபோகிறது என்பதற்கான பதில், அந்தக் கார்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளருக்குத்தான் தெரியும். ஒரு நிரல் நூலகத்தின், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பின், எழுதப்படாத வரம்புகள் அதை எழுதியவருக்கே வெளிச்சம். 1980களில் கம்பியூசர்வ் போன்ற கணினித் தொடர்புச் சேவைகளில் மென்பொருள் நிறுவனங்கள் தங்களுக்கென்று கலந்துரையாடல் அரங்குகள் வைத்து நேரடியாகப் பதில் சொன்னதற்கு இதுதான் காரணம். பொருளைச் செய்தவர் இல்லாத இடத்தில் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் யூகம். அவர் சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக அவரைத் துரத்துவது, நோயைப் பற்றிப் பேசும்போது மருத்துவரை வெளியே நிற்கச் சொல்வதுதான்.

2007இல், கோப்புகளைப் பல கணினிகளில் ஒரே மாதிரி வைத்திருக்கும் ட்ராப்பாக்ஸ் சேவையை ட்ரூ ஹூஸ்டன், ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்பக் கலந்துரையாடல் தளத்தில் அறிமுகப்படுத்தியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சந்தேகமே இல்லாமல் வணிகப் பதிவு. இதை லினக்ஸில், கோப்புகளை அனுப்ப உதவும் ஓர் எஃப்டிபி கணக்கை வைத்து நாமே எளிதாகச் செய்துவிடலாமே என்று ஒருவர் போட்ட கருத்து இன்றும் கேலியாக மேற்கோள் காட்டப்படுகிறது. எனக்கென்னவோ அந்தக் கருத்து கேலிக்குரியதாகத் தெரியவில்லை. ஒரு பொருளைக் கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்று கேட்க முடிந்தது, அவரும் அங்கேயே நின்று பதில் சொன்னார். தொழில்நுட்பக் குழு விற்பவருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய உதவி அந்தக் கேள்விதான். காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தில் அது கிடைக்காது.

கோடு போட்டவர்கள்

ஒவ்வோர் இடமும் தன் அனுபவத்துக்கு ஏற்ப ஒரு கோடு போட்டுக்கொண்டது. 2008இல் தொடங்கிய, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, உங்கள் பொருள் கேள்விக்கு உண்மையாகவே பதில் என்றால் சொல்லலாம், ஆனால் உங்கள் தொடர்பை அந்தப் பதிலிலேயே வெளிப்படுத்த வேண்டும், உங்கள் பதில்கள் எல்லாமே உங்கள் பொருளைப் பற்றியே இருக்கக் கூடாது என்றது. ‘எந்தக் கருவி சிறந்தது?’ என்ற வகைக் கேள்விகளையே அது ஒதுக்கிவிட்டது. அந்தக் கேள்விகள் வெல்லப்பாகு மாதிரி, எறும்பு மொய்க்காமல் இருக்காது. அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், மக்கள் உண்மையாகவே கேட்க விரும்பும் கேள்வி அதுதான்.

ரெட்டிட் கலந்துரையாடல் தளத்தில் நீண்ட காலம் ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்கு புழங்கியது: உன் சொந்தப் பொருளைப் பற்றி ஒரு பதிவு போட்டால், மற்ற விஷயங்களில் ஒன்பது பங்களிப்பு இருக்க வேண்டும். லாப்ஸ்டர்ஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம், சொந்த விளம்பரம் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது. விகித விதிகள் மீது எனக்கு அரை நம்பிக்கைதான். எண்ணத் தெரிந்த யாரும் ஏமாற்றிவிடலாம். "அருமை", "நன்றி, பயனுள்ள தகவல்" என்று ஒன்பது கருத்துகளைத் தூவிவிட்டுப் பத்தாவதாகச் சரக்கை இறக்குபவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த ஒன்பதும் இல்லாமல் பத்தாவது மட்டும் வந்திருந்தால் குழுவுக்குக் குப்பை குறைவு.

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தயாரிக்கும் டெபியன் திட்டத்தின் அஞ்சல் குழுக்கள் வைத்திருந்த கொள்கை இவை எல்லாவற்றையும்விட ரசமானது. விளம்பரம் போடலாம், ஆனால் கட்டணம் உண்டு. அவர்களுடைய அறக்கட்டளைக்கு 1,000 டாலர் நன்கொடை கொடுத்துவிட்டால் கட்டணம் தள்ளுபடி. நன்கொடை தராமல் போட்டால் 1,999 டாலருக்கு பில் வரும். எத்தனை பேர் கட்டினார்கள் என்பதல்ல விஷயம். அனுப்புவதற்குச் செலவே இல்லை என்பதால்தான் குப்பை வருகிறது என்பதைப் புரிந்துகொண்டு, அந்தச் செலவை அனுப்புபவர் தலையிலேயே திருப்பி வைக்கிறது அது.

வணிகத்துக்கென்று தனி இழை (ஒரே தலைப்பில் தொடரும் பேச்சு), வாரம் ஒரு நாள் என்று ஒதுக்குவது இப்போது பரவலான வழக்கம். இது எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று பார்த்தால் ஒன்று தெரியும். ஹேக்கர் நியூஸில் மாதந்தோறும் வரும் ‘யார் ஆள் எடுக்கிறார்கள்?’ இழை நன்றாக ஓடுகிறது, ஏனென்றால் வேலை தேடுபவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். சொந்தமாகச் செய்ததைக் காட்டுவதற்கென்று அங்கே இருக்கும் ‘ஷோ எச்என்’ வகையும் ஓடுகிறது, பார்ப்பவர்களுக்குப் பொருளைப் பிரித்துப் பார்க்கிற ஆசை இருப்பதால். ‘உங்கள் விளம்பரங்களை இங்கே போடுங்கள்’ என்று மட்டும் ஓர் இழையைத் திறந்தால் அது விற்பவர்கள் விற்பவர்களுக்கு விற்கிற சந்தையாகிவிடும். நெறியாளருக்கு அது குப்பைத்தொட்டி. போடுபவருக்கும் அது தெரியும். அதனால் அவர் மறுபடி பொது இழைக்கே வந்துவிடுவார்.

ஓநாய் அழும் இடம்

மறைந்து விற்பவர்களுக்கு வருவோம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். "என் நண்பர் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை இருந்தது" என்று ஆரம்பிக்கும் பதிவுகளில் பலவற்றில் அந்த அழுகை கேட்கும். ஒரு கணக்கிலிருந்து கேள்வி, இரண்டு நாள் கழித்து இன்னொரு கணக்கிலிருந்து பதில், இரண்டும் ஒரே கை. மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன இழையைத் தோண்டி எடுத்து, "எனக்கு இது உதவியது" என்று ஒரு சுட்டி. பல காலம் உறங்கிய கணக்கு திடீரென்று விழித்து ஒரே ஒரு பொருளைப் பாராட்டிவிட்டு மறுபடி உறங்கிவிடும்.

இவர்களில் பலருக்குக் குழுவில் இருப்பவர்கள் வாசகர்களே அல்ல. தேடுபொறிதான் வாசகர். சுட்டி அதிகமானால் தேடலில் மேலே வரலாம் என்ற ஆசையில் குழுக்களில் சுட்டிகளைக் கொட்டினார்கள். 2005 ஜனவரியில் கூகுள் ‘நோஃபாலோ’ என்ற குறியை அறிமுகப்படுத்தி, அந்தக் குறியிட்ட சுட்டிகளுக்குத் தரவரிசையில் மதிப்பில்லை என்றது. கொட்டுவது குறைந்துவிடவில்லை. இன்று இன்னொரு வாசகர் சேர்ந்திருக்கிறார்: குழுப் பேச்சுகளைப் படித்துப் பழகும், சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள். அங்கே சுட்டிகூடத் தேவையில்லை. பொருளின் பெயர் நல்ல வார்த்தைகளுக்கு நடுவில் பல முறை வந்தால் போதும் என்ற கணக்கில் எழுதுகிறார்கள். எழுதித் தரவும் அதே மாதிரிகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்குத் தடை போட்டபோது சொன்ன காரணம் விளம்பரம் அல்ல. பார்வைக்குச் சரியாகத் தெரியும் தவறான பதில்கள் குவிகின்றன என்பதுதான். ஆனால் அதே குவியலில் பொருளின் பெயரைச் செருகுவது எவ்வளவு எளிது என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம்கூட மறைப்பதைத்தான் குறிவைக்கிறது. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரை விளம்பர வழிகாட்டுதல்களில் ஒரு கற்பனை உதாரணம் உண்டு. இசை இயக்கும் கருவிகளைப் பற்றிப் பேசும் ஓர் ஆர்வலர் குழு. அங்கே ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் ஊழியர், தான் யார் என்று சொல்லாமல் தன் நிறுவனத்தின் கருவியைப் புகழ்ந்து எழுதுகிறார். அவர் தன் தொடர்பைத் தெளிவாக வெளிப்படுத்த வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். எழுதாதே என்று சொல்லவில்லை. யார் என்று சொல்லிவிட்டு எழுது என்கிறது.

இந்த இடத்தில் குழுக்களை நடத்துபவர்களையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. உறுப்பினர் போட்ட ஒரு வரி விளம்பரத்தை நீக்குகிற அதே தளத்தில், பக்கத்திலேயே காசு வாங்கிய விளம்பரம் மின்னிக்கொண்டிருக்கும். இது இரட்டை வேடம் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது விளம்பரம் என்று எல்லோருக்கும் தெரியும். அது பதில் வேஷம் போட்டு வருவதில்லை. ஆனால் இன்னொரு பக்கம், சிறிய அளவில் ஒரு கருவி எழுதி விற்கும் தனி ஆளால் அந்தக் கட்டத்தை வாங்க முடியாது. அவருக்கு இருப்பது பேச்சு மட்டும்தான். பேச்சையும் மூடிவிட்டால், குழுவில் தெரியும் வணிகம் எல்லாம் பெரிய நிறுவனங்களுடையதாகவே இருக்கும்.

எங்கே வணிகம் முடிகிறது என்பதும் அவ்வளவு நேராக இல்லை. கட்டற்ற மென்பொருள் எழுதிவிட்டு அதற்கான ஆலோசனைச் சேவையை விற்பவர், இலவசப் பாடம் எழுதி அடியில் கட்டண வகுப்புக்குச் சுட்டி கொடுப்பவர், நன்கொடைப் பொத்தான் வைத்திருப்பவர், ஒன்றும் விற்காமல் அடுத்த வேலைக்காகத் தன் பெயரை வளர்த்துக்கொள்பவர். இவர்கள் எல்லோருக்கும் நலன் இருக்கிறது. தூய்மையான பதிவு என்று தேட ஆரம்பித்தால் கேள்விகள்தான் மிஞ்சும், அவற்றிலும் சிலவற்றில் சந்தேகம் வரும்.

நான் ஒரு பதிவை எடைபோடும்போது இரண்டு காரியங்கள் செய்வேன். பொருளின் பெயரையும் சுட்டியையும் மனதுக்குள் அடித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பேக்கப் கேள்விக்கு வந்த இரண்டாவது பதிலில் அப்படி அடித்தாலும் வேலை செய்யக்கூடிய ஒரு வழி மிஞ்சுகிறது. கருவியை வாங்காமலேயே கேட்டவர் அன்றிரவு பேக்கப்பை முடித்துவிடலாம். வெறும் விளம்பர நோட்டீஸில் பெயரை அடித்தால் வெள்ளைத் தாள்தான். அப்புறம், எழுதியவர் திரும்பி வருகிறாரா என்று பார்ப்பேன். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், பதிவு வந்த ஐந்தாவது நிமிடத்தில் நீக்குகிற நெறியாளருக்கு அது கிடைக்காது. குழுவில் நிற்பவரிடம் குறுக்குக் கேள்வி கேட்கலாம், அவர் சொன்னது தவறென்று காட்டலாம், அடுத்த மாதம் அதை நினைவூட்டலாம். ஒட்டிவிட்டு ஓடுகிறவரிடம் இது எதுவும் நடக்காது.

அந்த இரண்டாவது பதில்காரரிடம், சண்டை கொஞ்சம் அடங்கிய பிறகு, கேள்வி கேட்டவரே கேட்கிறார்: "எங்களுடையது பழைய பதிப்பு. ஒரே ஒரு அட்டவணையை மட்டும் தனியாக மீட்க உங்கள் கருவியால் முடியுமா?" அவர் எழுதுகிறார்: "முடியாது. அந்தப் பதிப்பில் எங்கள் கருவி முழுத் தரவுத்தளத்தைத்தான் மீட்கும். உங்களுக்கு அது முக்கியம் என்றால் முதல் பதிலில் சொன்ன வழியிலேயே போங்கள். அந்த அட்டவணையை மட்டும் தனியாக டம்ப் (நகல்) எடுத்து வையுங்கள், அதற்கு எங்களிடம் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை."